ஒரு கூடும் பல வினாக்களும்

நுழையும்முன்

ஏரியில் குப்பையைக் கொட்டலாமா, நிழல்தரும் மரத்தை வெட்டலாமா என்று கேட்டால் 'கூடாது' என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். 'ஏன் கூடாது?' என்று அடுத்த வினா எழும்போதுதான் சிந்திக்கத் தொடங்குகிறோம். இயற்கையைக் குறித்து இளையோர் அறநோக்கில் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதைத் தம் வகுப்பறை அனுபவத்தின் வழியே ஆசிரியர் ஒருவர் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

பொத்தகுடியின் இருள்

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்னும் சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில், அவ்வூரின் தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போடவும் அணைக்கவும் நாள்தோறும் அப்பெட்டியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிடக்கூடும். இதனைக் கண்ட கல்லூரி மாணவர் ஒருவர் கூட்டைப் படம்பிடித்து ஊராரின் புலனக் குழுவில் பகிர்ந்தார். குஞ்சுகள் பறக்கும்வரை விளக்கு வேண்டாம் என்று வேண்டினார். தொடக்கத்தில் எல்லாரும் உடன்படவில்லை. ஒரு குருவிக்காக ஊரே இருளில் கிடப்பதா என்று கேட்டவர்களும் இருந்தனர். பிறகு ஊர் ஒன்றுகூடி இசைந்தது. 30-க்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் ஒரு மாதத்துக்கும் மேலாக எரியவில்லை. முட்டைகள் பொரிந்தன, குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன.

நாளிதழ்கள் இச்செய்தியை மகிழ்ச்சியோடு வெளியிட்டன. படித்தவர்கள் பாராட்டினர். அந்தச் செய்தியை நறுக்கி என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன். பாராட்டுவதற்கு மட்டும் உரிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் கேட்கத்தக்க ஒரு வினா அதனுள் இருந்தது. பள்ளி மீண்டும் திறந்தபின் பதினோராம் வகுப்பில் அதனைக் கேட்டேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் கேட்டு வருகிறேன். "உங்கள் தெருவில் இவ்வாறு நேர்ந்தால் விளக்கை அணைப்பீர்களா? ஏன்?"

நால்வகை விடைகள்

'அணைப்போம்' என்பவர்களே எல்லா ஆண்டுகளிலும் மிகுதி. ஆனால் 'ஏன்' என்னும் வினாவுக்கு வரும் விடைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகை, பயன் கருதிய விடை. "பறவைகள் இருந்தால்தான் பூச்சிகள் குறையும், விதைகள் பரவும், நாமும் வாழலாம்" என்பர். இவர்கள் அறிவியல் பாடத்தை நன்கு கற்றவர்கள்.

இரண்டாம்வகை, விதி கருதிய விடை. "கூட்டைக் கலைப்பது பாவம்", "சட்டப்படி குற்றம்", "ஊர் முடிவு செய்துவிட்டால் நாம் மீறக்கூடாது" என்பன இவ்வகையில் அடங்கும்.

மூன்றாம்வகை, ஒப்புமை கருதிய விடை. "அதுவும் ஒரு தாய்தானே! நம் வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கும்போது யாரேனும் நம்மை வெளியேறச் சொன்னால் எப்படி இருக்கும்?" என்று கேட்பர். இவ்விடையைச் சொல்லும்போது பலருக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

நான்காம்வகை அரிதாக வருவது. ஓராண்டு, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "தமிழம்மா, அந்தப் பறவையால் எனக்கு எந்தப் பயனும் வேண்டாம். அது என்னைப்போல் இருக்கவும் வேண்டாம். அது பறவையாக இருக்கிறது; அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. அது போதாதா?" என்றான். வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது.

இவ்விடைகளுள் எது சரி, எது தவறு என்று மதிப்பெண் இடுவதற்காக நான் கேட்பதில்லை. ஒரே செயலைச் செய்ய முன்வரும் நால்வர் நான்கு வெவ்வேறு அறநெறிகளில் நிற்கின்றனர் என்பதை அவர்களே உணர வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். ஏனெனில், சூழல் மாறும்போது இந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும். பயன் கருதி மட்டும் பறவையைக் காப்பவர், பயனற்ற பறவை வரும்போது என்ன செய்வார்? விதிக்கு மட்டும் அஞ்சிக் காப்பவர், விதி இல்லாத இடத்தில் என்ன செய்வார்? தன்னைப்போல் இருப்பதால் மட்டும் இரங்குபவர், தன்னைப்போல் சற்றும் இல்லாத பாம்பையோ தவளையையோ சதுப்புநிலத்தையோ காக்க முன்வருவாரா?

ஆய்வுகள் சொல்வது

இவ்வினாக்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க உளவியலறிஞர் பீட்டர் கான் குறிப்பிடத்தக்கவர். ஹூஸ்டன் பெருநகரில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், பிரேசிலில் அமேசான் காட்டுப் பகுதியின் பிள்ளைகள், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து மாணவர்கள் எனப் பலரையும் அவரும் அவருடைய குழுவினரும் நேர்காணல் செய்தனர். ஆற்றில் குப்பையைக் கொட்டுவது சரியா என்பது அவர்கள் கேட்ட எளிய வினாக்களுள் ஒன்று. நாடும் மொழியும் வாழ்நிலையும் வேறுபட்டபோதும், பெரும்பாலான பிள்ளைகள் அது தவறு என்றே கூறினர். 

அவர்கள் கூறிய காரணங்களை ஆய்வாளர்கள் இரண்டாகப் பகுத்தனர். இயற்கைக்குக் கேடு விளைந்தால் மனிதர்க்குக் கேடு விளையும் என்பது மனிதமைய நோக்கு. இயற்கைக்கே தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்பது உயிர்மைய நோக்கு. முன்னதே பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது, பின்னது குறைவு.

1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'எக்சான் வால்டீசு' என்னும் கப்பல் அலாஸ்காவின் கடற்பகுதியில் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது. அதுபற்றி இரண்டு, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் பயின்ற 60 பிள்ளைகளிடம் கான் உரையாடினார். 1997இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு சிந்திக்கத்தக்கது. கடற்கரை பாழானதைப் பற்றிப் பேசும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் மனிதரின் நலனையே பெரிதும் முன்வைத்தனர். கடல்வாழ் உயிரினங்கள் மடிந்ததைப் பற்றிப் பேசும்போது அவ்வுயிர்களின் மதிப்பை முன்வைத்தனர். வயது ஏற ஏற இரு நோக்குகளையும் இணைத்துப் பார்க்கும் திறன் வளர்ந்தது. ஒரு நோக்கு மறைந்து மற்றொன்று தோன்றவில்லை. இரண்டும் ஒரே மனத்தில் அருகருகே அமர்ந்து பேசக் கற்றுக்கொண்டன.

நம் ஊர்களிலும் இவ்விணைப்பைக் காண்கிறோம். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்குகிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது. இதனை அவ்வூர் உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். அதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதால் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பயனுக்காகவா, பரிவுக்காகவா என்று அவர்களிடம் கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களால் இயலாது. பிரிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. தன் கண்முன் பிறந்து வளரும் குஞ்சுகளை விருந்தினராகக் கருதும் ஊரில் பயனும் பரிவும் ஒரே திண்ணையில் அமர்ந்துவிடுகின்றன.

ஒரு மாணவியின் வினா

வகுப்பறை எப்போதும் இவ்வாறு இனிதாக முடிந்துவிடுவதில்லை. ஓராண்டு, பொத்தகுடியைப் பற்றிய உரையாடலில் அனைவரும் 'அணைப்போம்' என்று கை உயர்த்தினர். ஒரு மாணவி மட்டும் உயர்த்தவில்லை. பள்ளிக்குப் பேருந்தில் வந்துசெல்பவள் அவள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து ஊர் சேரும்போது இருட்டிவிடும்.

"நீ பறவையைக் காக்க வேண்டாம் என்கிறாயா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"அப்படிச் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்கு அரைக்கல் தொலைவு. வழியில் முள்புதர், பாம்பும் உண்டு. விளக்கை அணைக்கலாம் என்று கை தூக்கியவர்களில் எத்தனை பேர் அந்த வழியில் இரவில் நடக்கப் போகிறீர்கள்? குருவியைக் கேட்டீர்கள், என்னைக் கேட்கவில்லையே" என்றாள்.

சிறிது நேரம் வகுப்பில் ஓசையே இல்லை. அவள் கேட்டது பறவைக்கு எதிரான வினாவன்று. இயற்கையைக் காக்கும் செயலுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் செலுத்துகிறார் என்பதே அவளுடைய வினா. நால்வகை விடைகளுள் எதிலும் அது இடம்பெற்றிருக்கவில்லை.

பிறகு மாணவர்களே பேசத் தொடங்கினர். பேருந்து வரும் நேரத்தில் முறைவைத்துக் கைவிளக்கோடு நிறுத்தத்தில் நிற்கலாம் என்றான் ஒருவன். புதர்களை முதலில் வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. மின்பணியாளர் உதவியோடு வேறு பெட்டியிலிருந்து இணைப்புத் தர இயலுமா என்று கேட்கலாம் என்றான், தந்தையுடன் மின்பணிக்குச் செல்லும் மற்றொருவன். கடைசியில் அந்த மாணவியே, "இவ்வளவும் செய்தால் நானும் கை தூக்குகிறேன்" என்றாள்.

முதலில் உயர்ந்த கைகளுக்கும் கடைசியில் உயர்ந்த அந்த ஒரு கைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவை நல்லெண்ணத்தின் அடையாளம். பின்னது, சுமையைப் பகிர்ந்துகொண்ட ஒரு முடிவின் அடையாளம். நல்லெண்ணம் அறத்தின் தொடக்கம். சுமையைப் பகிர்வதில்தான் அது நிறைவு பெறுகிறது.

மயிலும் போர்வையும்

சில நாள்கள் கழித்து வேறொரு மாணவன் மயிலைப் பற்றிய வழக்கைக் கொண்டுவந்தான். அவன் தந்தை மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைப்பவர். "மயில் கூட்டமாக வந்து விதையைக் கிளறித் தின்றுவிடுகிறது. விரட்டி விரட்டி என் தாய்க்குக் கால் வீங்கிவிட்டது. நகரத்தில் இருப்பவர்கள் மயில் தோகை விரிப்பதைக் கைப்பேசியில் பார்த்து மகிழ்கிறார்கள்" என்றான். மயில் நம் தேசியப் பறவை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைக் கொல்லலாம் என்று அவன் சொல்லவில்லை. இழப்பு முழுவதும் தன் வீட்டின்மீது விழுவது முறையா என்றே கேட்டான்.

அன்று நான் பாடமாக நடத்த வேண்டியிருந்தது கடையெழு வள்ளல்களைப் பற்றி. குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன் பேகன். படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்தியவன் பாரி. இக்கதைகளை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். அன்றுதான் வகுப்பில் ஒருத்தி ஒரு நுட்பத்தைக் கண்டு சொன்னாள்: "பேகன் தந்தது தன்னுடைய போர்வையை. பக்கத்தில் நின்றவருடைய போர்வையைப் பிடுங்கித் தரவில்லை."

மயில் கேட்ட மாணவன் அதைக் கேட்டுச் சிரித்தான். அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. இயற்கைக்குக் கொடுப்பதாகச் சொல்பவர் முதலில் தம்முடையதைக் கொடுக்க வேண்டும். மயில் வாழ வேண்டும் என்று நாடே விரும்பினால், மயிலால் விளையும் இழப்பையும் நாடே பகிர்ந்துகொள்ள வேண்டும். காடு வேண்டும் என்று எல்லாரும் விரும்பினால், காட்டோரத்தில் வாழ்பவர் மட்டுமே அதற்கு விலை கொடுப்பது அறமாகாது. பொத்தகுடி மக்கள் போற்றத்தக்கவராவது இதனால்தான். தம் தெருவின் வெளிச்சத்தையே அவர்கள் தந்தனர்.

பேகனின் கதையில் மற்றொரு பாடமும் உண்டு. மயிலுக்குத் தோகையும் இறகும் இருக்கப் போர்வை எதற்கு? தனக்குக் குளிர்வதுபோல் மயிலுக்கும் குளிரும் என்று அவன் எண்ணினான். இத்தகைய வள்ளன்மையைத் தமிழ்ச் சான்றோர் 'கொடைமடம்' என்று அழைத்தனர். மடம் என்றாலும் அதனைப் புகழ்ந்தனர். அந்த நெஞ்சம் அத்துணை உயர்ந்தது. எனினும், இன்று நமக்கு நெஞ்சத்தோடு அறிவும் வேண்டும். பிற உயிரைத் தன்னைப்போல் கருதுவது அன்பின் முதற்படி. அது தன்னைப்போன்றது அன்று, அதன் தேவை வேறு என்று அறிந்து அதற்கேற்ப நடப்பது அடுத்த படி. பல சிறு பறவைகளுக்கு முட்டை பொரிய ஏறத்தாழ இரு வாரம். குஞ்சு பறக்க மேலும் இரு வாரம். இதனை அறிந்தவருக்கே விளக்கை எத்தனை நாள் அணைக்க வேண்டும் என்பது விளங்கும். கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வீட்டில் வைத்துச் சோறூட்டுவதைவிடப் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடுவதே மேலான உதவி என்பதும் விளங்கும்.

தங்கையான புன்னை

நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு பெண் தன் காதலனோடு புன்னை மரத்தடியில் சிரித்துப் பேச நாணுகிறாள். சிறுவயதில் அவளும் தோழியரும் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்து வளர்ந்த மரம் அது. நெய் கலந்த பாலூற்றி அதனை வளர்த்தனர். இது உங்களுக்கு உடன்பிறந்தாள் என்று தாயும் சொல்லியிருக்கிறாள். உடன்பிறந்தாள் எதிரில் காதல்மொழி பேசலாமா? வேறு நிழல் தேடுகிறாள் அவள்.

அப்பெண்ணுக்கு மாணவர்களின் வயதுதான் இருக்கும். அவளுடைய சிந்தனையில் பயன் இல்லை. தண்டனைக்கு அஞ்சும் அச்சமும் இல்லை. உறவு இருக்கிறது. தான் நட்டு, தான் நீரூற்றி, தன்னோடு வளர்ந்த ஒன்றிடம் பிறக்கும் கடப்பாடு அது. நம் அரசியலமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் ஒன்று, இயற்கைச் சூழலைப் பாதுகாக்குமாறும் உயிரினங்களிடம் பரிவு காட்டுமாறும் குடிமக்களைப் பணிக்கிறது. சட்டம் கடமையைச் சொல்லலாம். பரிவை ஊட்ட அதனால் இயலாது. அதற்கு ஒரு விதையும் சிறிது நீரும் சில ஆண்டுகளும் வேண்டும்.

அளவுகோல் தேய்தல்

கான் கண்டறிந்த மற்றோர் உண்மையையும் இங்குக் கூற வேண்டும். ஹூஸ்டன் பிள்ளைகளுட் பலர் காற்று மாசு, நீர் மாசு என்றால் என்ன என்பதை அறிந்திருந்தனர். ஆயினும், அவர்களுட் பலர் தாம் வாழும் நகரம் மாசடைந்தது என்று கருதவில்லை. பிறந்தது முதல் கண்ட காற்றும் நீருமே அவர்களுக்கு இயல்பானவையாகத் தோன்றின. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே இயற்கையின் இயல்பான நிலை எனக் கொள்கிறது. அடுத்த தலைமுறை அதனினும் தேய்ந்த நிலையை இயல்பு எனக் கொள்கிறது. இதனைச் 'சூழலியல் தலைமுறை மறதி' என்று அவர் குறித்தார்.

எங்கள் பகுதியில் ஓர் ஆறு உண்டு. என் இளமையில் ஆண்டில் பல திங்கள் நீர் ஓடியது. ஊற்றுத் தோண்டினால் கையளவு ஆழத்தில் நீர் சுரக்கும். 'ஆறு' என்று எழுதச் சொன்னால் இன்றைய மாணவர்கள் அதே சொல்லைத்தான் எழுதுகின்றனர். அவர்கள் மனத்தில் விரிவது சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளம். சொல் ஒன்று, பொருள் வேறு. இழந்ததை அறியாதவர் அதனை மீட்க வேண்டும் என்று எப்படி எண்ணுவார்? ஆகவே, அறச்சிந்தனைக்கு நினைவும் வேண்டும். வீட்டிலுள்ள பாட்டனிடமும் பாட்டியிடமும் ஏரியைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களிடம் சொல்வதுண்டு. எழுதிவந்த ஏடுகளில் மீன்களின் பெயர்கள் இருக்கும். புற்களின் பெயர்கள் இருக்கும். ஊரார் முறைவைத்து வாய்க்காலைத் தூர்வாரிய செய்தி இருக்கும். அவ்வேடுகள் நம் அளவுகோல் தேய்ந்துவிடாமல் காக்கும் ஆவணங்கள்.

உங்கள் முறை

மாணவர்களே! இன்னும் ஈராண்டில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். ஊராட்சியில் வாழ்வோர் கிராம சபையில் அமர்ந்து பேசும் உரிமையைப் பெறுவீர்கள். சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டுவதா, ஏரிக்கரையில் குப்பைக் கிடங்கு அமைப்பதா, ஊருணியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவதா என்னும் வினாக்கள் உங்கள்முன் வரும். அவற்றுள் எதுவும் நல்லவருக்கும் தீயவருக்கும் இடையிலான வழக்காக வராது. நோயாளியை விரைந்து கொண்டுசெல்லச் சாலை வேண்டும் என்பவரும் அங்கே இருப்பார். மரத்தடியில் கடை போட்டுப் பிழைப்பவரும் இருப்பார். மரத்தில் கூடு கட்டிய பறவை, பேச நாவின்றி மேலே இருக்கும்.

அப்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனை ஏன் காக்க வேண்டும்? காப்பதற்கான விலையை யார் செலுத்துகிறார்? அதில் என் பங்கு எவ்வளவு? முதல் வினா அறிவைக் கேட்கிறது. இரண்டாவது நீதியைக் கேட்கிறது. மூன்றாவது உங்கள் போர்வையைக் கேட்கிறது. மூன்றுக்கும் விடை கண்டபின் கையை உயர்த்துங்கள்.